ஜாக்கி இல்லை, கடிவாளம் இல்லை... குதிரை மட்டும்!

கூகுளில் 'விசில்ஜாக்கெட்' என்று தட்டிப் பாருங்கள். ஒரு குதிரைப் படம் வரும். செம்பழுப்பு நிறக் குதிரை, முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு பின்னங்கால்களில் எழும்பி நிற்கிறது. தலை லேசாக நம் பக்கம் திரும்பியிருக்கிறது. ஒரு கண் நம்மையே பார்க்கிறது. படம் அவ்வளவுதான்.

முதுகில் ஆள் இல்லை. சேணம் இல்லை, கடிவாளம் இல்லை. பின்னால் மரமோ, மைதானமோ, வானமோ கிடையாது. முழுக்க முழுக்க மஞ்சள் கலந்த ஒரு வெளிர் நிறம். பின்னங்குளம்புகளுக்குக் கீழே மட்டும் சின்னதாக நிழல். அந்த நிழலும் இல்லாவிட்டால் குதிரை தரையில் நிற்கிறதா, அந்தரத்தில் இருக்கிறதா என்றே சொல்ல முடியாது.

உங்கள் போனில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் இந்தப் படம், நேரில் ஒன்பதரை அடி உயரம், எட்டு அடி அகலம். கிட்டத்தட்ட நிஜக் குதிரை அளவு! லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கும் நேஷனல் கேலரியில் இது தொங்குகிறது. 1997-ல் இதை வாங்க அவர்கள் செலவிட்ட தொகை 1 கோடியே 10 லட்சம் பவுண்டு.

வரைந்தவர் ஜார்ஜ் ஸ்டப்ஸ். வரைந்த காலம் சுமார் 1762. அப்போதெல்லாம் இவ்வளவு பெரிய கேன்வாஸ் என்றால் அதில் ராஜா இருப்பார்; அல்லது போரில் ஜெயித்த தளபதி இருப்பார். குதிரை இருந்தாலும் அவருக்குக் கீழேதான் இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு குதிரையை மட்டும் தனியாக நிறுத்தும் துணிச்சல் ஸ்டப்ஸுக்கு எங்கிருந்து வந்தது?

குதிரை என்றால் கௌரவம்

18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பணக்காரப் பிரபுக்களுக்குக் குதிரைப் பந்தயம் ஒரு பைத்தியம். கிழக்கு நாடுகளிலிருந்து போன மூன்று ஆண் குதிரைகளின் வாரிசுகளை உள்ளூர்க் குதிரைகளோடு சேர்த்து, வேகத்துக்கென்றே ஒரு புது இனத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு உலகம் முழுக்கப் பந்தயங்களில் ஓடும் 'தரோபிரெட்' குதிரைகளின் தந்தை வழி, அந்த மூன்றில் ஒன்றிடம்தான் போய் நிற்கும். அந்த மூன்றில் ஒன்றான காடால்ஃபின் அரேபியனின் பேரன்தான் நம் விசில்ஜாக்கெட். பிறந்தது 1749-ல்.

பெயர் வேடிக்கையாக இருக்கிறதா? ஜலதோஷத்துக்கு ஜின்னையும் வெல்லப்பாகையும் கலந்து குடிக்கும் கை வைத்தியம் ஒன்று அப்போது இருந்தது. அதற்குப் பெயர் விசில்ஜாக்கெட். குதிரையின் நிறமும் அந்த மருந்தின் நிறமும் ஒத்துப்போயிருக்க வேண்டும்.

இதன் உரிமையாளர் ராக்கிங்ஹாம் பிரபு. பின்னாளில் இரண்டு முறை பிரிட்டனின் பிரதமராக இருந்தவர். 1759 ஆகஸ்டில் யார்க் நகரில் நடந்த நான்கு மைல் பந்தயத்தில் விசில்ஜாக்கெட், 'புரூட்டஸ்' என்ற குதிரையைத் தோற்கடித்து 2,000 கினி ஜெயித்துக் கொடுத்தது. ஒரு கினி என்பது ஒரு பவுண்டுக்குக் கொஞ்சம் அதிகம். அந்தக் காலத்தில் இது பெரும் சொத்து. அதோடு பந்தயத்திலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். பந்தய வரலாற்றில் இதைவிடப் பெரிய சாம்பியன்கள் எத்தனையோ உண்டு. இது அழகுக்கும் முன்கோபத்துக்கும் பேர் போன குதிரை.

ஜெயித்த குதிரையைப் படமாக வரைந்து வீட்டில் மாட்டுவது பிரபுக்களின் வழக்கம். புது கார் வாங்கியதும் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறோமே, அதே கதைதான். அதற்கென்றே ஓவியர்கள் இருந்தார்கள். நீளமான உடம்பு, குட்டித் தலை, குச்சிக் கால்கள், மேலே கலர் சட்டை போட்ட ஜாக்கி என ஒரே அச்சில் வரைந்து தள்ளினார்கள். குதிரை மாறும், படம் மாறாது.

வீடு முழுக்க வீச்சம்

ஸ்டப்ஸ் 1724-ல் லிவர்பூலில் பிறந்தவர். அப்பாவுக்குத் தோல் பதனிடும் தொழில். ஓவியம் கற்க ஒரு குருவிடம் போனார். அவர், 'மற்றவர்களின் படங்களைப் பார்த்து நகல் எடு' என்றார். ஸ்டப்ஸுக்கு அது பிடிக்கவில்லை. கொஞ்ச நாளிலேயே வெளியே வந்து, அதன்பின் தானாகவே கற்றுக்கொண்டார்.

அவருக்கு ஆர்வம் எல்லாம் தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதில்தான். யார்க் நகர மருத்துவர்களிடம் மனித உடற்கூறு படித்தார். 1751-ல் வெளியான ஒரு பிரசவ மருத்துவப் புத்தகத்துக்குப் படங்கள் போட்டுக் கொடுத்தார். செப்புத் தகட்டில் படம் செதுக்கும் வேலையை அதற்காகவே கற்றுக்கொண்டார். இத்தாலிக்கும் போனார். எல்லோரும் பழைய மேதைகளைப் பார்த்து வியக்கப் போவார்கள். இவரோ கலையைவிட இயற்கையே பெரிது என்பதை உறுதி செய்துகொண்டு திரும்பினார்.

1756-ல் லிங்கன்ஷயர் பகுதியில் ஹார்க்ஸ்டோ என்ற குக்கிராமத்தில் ஒரு பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்தார். கூட இருந்தவர், வாழ்நாள் முழுக்க அவருக்குத் துணையாக இருந்த மேரி ஸ்பென்சர். அங்கே அடுத்த சுமார் 18 மாதங்கள் ஸ்டப்ஸ் செய்ததைக் கேட்டால் நமக்குக் குமட்டும்.

குதிரைகளை வாங்கி வருவார். உயிர் போனதும் ரத்தக் குழாய்களுக்குள் உருக்கிய கொழுப்பைச் செலுத்துவார். அப்போதுதான் குழாய்கள் சுருங்காமல் உருவம் தெரியும். பிறகு கூரையிலிருந்து இரும்புக் கம்பி, கொக்கி, கப்பி எல்லாம் மாட்டி, குதிரை உயிரோடு நிற்பதுபோலவே தூக்கி நிறுத்துவார். முதலில் தோலை உரித்து வரைவார். அடுத்து ஒரு அடுக்குத் தசையை நீக்கி வரைவார். அதற்கு அடுத்த அடுக்கு... இப்படியே எலும்பு வரை. ஒரே குதிரையோடு 11 வாரங்கள் வேலை பார்த்ததும் உண்டு. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் அந்த வீட்டின் வாடை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வரைந்த படங்களை எடுத்துக்கொண்டு லண்டன் போனார். செப்புத் தகட்டில் செதுக்கித் தரும்படி கலைஞர்களைக் கேட்டார். யாரும் முன்வரவில்லை. 'சரி, நானே செய்கிறேன்' என்று உட்கார்ந்துவிட்டார். பகலெல்லாம் சம்பாத்தியத்துக்காக ஓவியம். அதிகாலையிலும் இரவிலும் செப்புத் தகடு. 'குதிரையின் உடற்கூறு' என்ற அந்தப் புத்தகம் 1766-ல் வந்தது. இங்கிலாந்தில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்று தொடங்கப்படுவதற்கே இன்னும் 25 வருடங்கள் இருந்தன!

இப்போது மறுபடி விசில்ஜாக்கெட் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தொடையில் தசை புடைத்திருக்கும் விதம், தோலுக்கு அடியில் ஓடும் நரம்பு, எல்லாம் தெரியும். எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கையால் தொட்டுப் படித்தவர் வரைந்தது அது.

அந்தக் காலி இடம் ஏன்?

இந்தப் படத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. முதலில் இதில் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் குதிரை மேல் உட்கார்ந்திருப்பதாகத்தான் திட்டமாம். குதிரையை ஸ்டப்ஸ் வரைய, மன்னரை ஒருவர், பின்னணியை இன்னொருவர் வரைவதாக ஏற்பாடாம். ராக்கிங்ஹாம் பிரபு குதிரையைப் பார்த்ததும், 'இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்' என்று நிறுத்திவிட்டாராம்.

இதை இன்றைய ஆய்வாளர்கள் அப்படியே ஏற்பதில்லை. காரணம், அதே காலத்தில் அதே ராக்கிங்ஹாமுக்காக ஸ்டப்ஸ் வரைந்த வேறு குதிரைப் படங்களிலும் பின்னணி வெறுமையாகவே இருக்கிறது. தாய்க் குதிரைகளும் குட்டிகளும் வரிசையாக நிற்கும் படம் ஒன்று. அதிலும் புல்கூடக் கிடையாது. வெறுமை தெரிந்தே விடப்பட்டது என்பதற்கு இது நல்ல ஆதாரம்.

இன்னொரு கதையும் உண்டு. ஸ்டப்ஸ் சொல்லக் கேட்டு அவருடைய ஓவிய நண்பர் ஒருவர் எழுதி வைத்தது. படம் முடியும் தறுவாயில் அதை லாயத்துச் சுவரில் சாய்த்து வைத்து, தள்ளி நின்று சரிபார்த்துக்கொண்டிருந்தார் ஸ்டப்ஸ். விசில்ஜாக்கெட்டை ஒரு பையன் பிடித்து நடத்திக்கொண்டிருந்தான். திடீரென்று குதிரையின் பார்வை படத்தின் மேல் விழுந்தது. எதிரே இன்னொரு ஆண் குதிரை நிற்பதாக நினைத்து எகிறிப் பாய்ந்தது. கயிற்றைப் பிடித்திருந்த பையன் தரையிலிருந்து தூக்கப்பட்டான். ஸ்டப்ஸ் கையிலிருந்த வண்ணத் தட்டாலும் குச்சியாலும் அடித்து அதை விரட்ட வேண்டியதாயிற்று. எத்தனையோ விமர்சகர்கள் பாராட்டியிருக்கிறார்கள். ஆனால் இதைவிட நல்ல விமர்சனம் அவருக்குக் கிடைத்திருக்காது!

சென்னையிலிருந்து போன சிவிங்கிப்புலி

இந்த ஸ்டப்ஸின் தூரிகைக்கும் நம் சென்னைக்கும்கூட ஒரு தொடர்பு இருக்கிறது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்த ஜார்ஜ் பிகாட், ஊர் திரும்பியதும் மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு ஒரு சிவிங்கிப்புலியைப் பரிசாகக் கொடுத்தார். அதைப் பழக்கத் தெரிந்த இந்தியர்களும் கூடவே கப்பலில் போனார்கள். (இதே பிகாட் பின்னர் மறுபடி கவர்னராக வந்து, சொந்த கவுன்சில் உறுப்பினர்களாலேயே சிறை வைக்கப்பட்டு, 1777-ல் காவலிலேயே இறந்துபோனது தனிக்கதை.)

1764 ஜூனில் விண்ட்ஸர் பக்கம் ஒரு வேடிக்கை ஏற்பாடு செய்தார்கள். வலை கட்டி அடைத்த இடத்தில் ஒரு கலைமானை விட்டு, அதன்மேல் சிவிங்கிப்புலியை ஏவினார்கள். மான் கொம்பாலேயே அதைத் தூக்கி எறிந்துவிட்டது! வெறுத்துப்போன சிவிங்கிப்புலி வலையைத் தாண்டிக் காட்டுக்குள் ஓடி, அங்கே வேறொரு மானை அடித்துக்கொண்டது.

பிகாட்டுக்காக ஸ்டப்ஸ் வரைந்த படத்தில் இந்த அவமானம் எதுவும் இல்லை. சிவிங்கிப்புலி, மான், இரண்டு இந்தியர்கள். ஒருவர் சிவிங்கிப்புலியின் இடுப்பில் கட்டிய துணியைப் பிடித்திருக்கிறார். இன்னொருவர் மானைச் சுட்டிக் காட்டுகிறார். அந்த இரண்டு முகங்களையும் கவனியுங்கள். பெயர் தெரியாத அந்த மனிதர்களை, வேடிக்கைப் பொருளாக ஆக்காமல், தன் தொழில் தெரிந்த ஆட்களாகவே ஸ்டப்ஸ் நிறுத்தியிருக்கிறார். படம் இப்போது மான்செஸ்டர் ஆர்ட் கேலரியில் இருக்கிறது.

லாயத்துப் பையன்களையும் அவர் இப்படித்தான் வரைந்தார். 'கிம்கிராக்' என்ற புகழ்பெற்ற பந்தயக் குதிரையின் படத்தில், ஓட்டம் தூரத்தில் சின்னதாக நடக்கிறது. பார்வையாளர் மேடை காலி. முன்னால் பெரிதாகத் தெரிவது, ஓடி முடித்த குதிரையும் அதைத் துடைத்துவிடும் பையனும்தான். ஆர்டர் கொடுத்தவர் கேட்டது வெற்றியை. ஸ்டப்ஸ் அதோடு அந்த வெற்றிக்கு உழைத்தவர்களையும் சேர்த்துக் கொடுத்தார். 2011-ல் ஏலத்துக்கு வந்தபோது இந்தப் படம் 2 கோடியே 24 லட்சம் பவுண்டுக்குப் போனது.

அவர் கண்ணுக்கும் தப்பியது

கிம்கிராக் படத்தில் தூரத்தில் ஓடும் குதிரைகளைப் பார்த்தால் ஒரு தப்பு தெரியும். நான்கு கால்களையும் முன்னும் பின்னும் நீட்டி, ராக்கெட் மாதிரிப் பறக்கின்றன. அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் வரைந்தார்கள். ஓடும் குதிரையின் கால்கள் மனிதக் கண்ணுக்குப் பிடிபடாத வேகம். 1878-ல் கலிஃபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாக கேமராக்களை வைத்து எடுத்த பிறகுதான் உண்மை தெரிந்தது: நான்கு கால்களும் அந்தரத்தில் இருக்கும் கணம் உண்டு, ஆனால் அப்போது அவை நீட்டிக்கொண்டிருக்காது, வயிற்றுக்கு அடியில் மடங்கியிருக்கும். எலும்பு வரை போய்ப் பார்த்தவருக்கும் இது எட்டவில்லை. நிற்கிற குதிரையில்தான் ஸ்டப்ஸை மிஞ்ச ஆள் இல்லை.

'அவர் குதிரை வரைபவர்தானே!'

இவ்வளவு திறமைக்கும் அவருக்குக் கிடைத்த பட்டம், 'குதிரை ஓவியர்'. புராணக் காட்சியும் வரலாற்றுக் காட்சியும்தான் உயர்ந்த கலை. மிருகம் வரைவது அடுத்த படி என்று நினைத்த காலம். வரிக்குதிரை, கங்காரு, காண்டாமிருகம் என்று எதை வரைந்தாலும் பட்டம் மாறவில்லை. ராயல் அகாடமி 1781-ல் அவரை முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. ஆனால் உறுப்பினர் ஆகிறவர் தன் படம் ஒன்றை அகாடமிக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஸ்டப்ஸ் கொடுக்கவில்லை. பதவியும் உறுதியாகவில்லை. ஹார்க்ஸ்டோவில் அவர் வரைந்த குதிரைப் படங்களை இன்று பத்திரமாக வைத்திருப்பது அதே ராயல் அகாடமிதான் என்பது காலத்தின் குறும்பு.

75 வயதில், தொழில் மந்தமான நேரத்தில், அவருக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. 1799 மார்ச் 25. நியூமார்க்கெட்டில் 'ஹாம்பிள்டோனியன்', 'டயமண்ட்' என்ற இரண்டு குதிரைகளுக்கு இடையே நேருக்கு நேர் போட்டி. பந்தயப் பணம் 3,000 கினி. நாலு மைலுக்கு மேல் ஓட்டம். இரண்டு குதிரைகளையும் சாட்டையாலும் குதிமுள்ளாலும் ரத்தம் வர விரட்டினார்கள். கடைசியில் ஹாம்பிள்டோனியன் பாதிக் கழுத்து வித்தியாசத்தில் ஜெயித்தது. அதன் உரிமையாளர் சர் ஹென்றி வேன்-டெம்பஸ்ட் வெற்றியைக் கொண்டாட ஸ்டப்ஸிடம் படம் கேட்டார்.

ஸ்டப்ஸ் வரைந்து கொடுத்தது கொண்டாட்டம் இல்லை. 12 அடி அகலக் கேன்வாஸ் முழுக்க, ஓடிக் களைத்த குதிரை. வாய் திறந்திருக்கிறது, காது பின்னால் மடிந்திருக்கிறது. ஒருவர் கடிவாளத்தைப் பிடித்திருக்கிறார். லாயத்துப் பையன் ஒரு கையைக் குதிரையின் முதுகு மேல் போட்டுக்கொண்டு, இன்னொரு கையில் துடைக்கும் துணியோடு நிற்கிறான். இரண்டு பேரும் நேராக நம்மைப் பார்க்கிறார்கள். சிரிப்பே இல்லை. 'பார்த்தாயா, என்ன செய்து வைத்திருக்கிறார்கள்' என்று நம்மிடம் கேட்பது போலிருக்கும்.

சர் ஹென்றி பணம் கொடுக்க மறுத்தார். ஸ்டப்ஸ் கோர்ட்டுக்குப் போனார், ஜெயித்தார். படம் இன்று வட அயர்லாந்தில் மவுண்ட் ஸ்டூவர்ட் மாளிகையில் இருக்கிறது.

கடைசி வேலை

அந்த வயதிலும் அவர் கையில் இன்னொரு வேலை இருந்தது. மனிதன், புலி, கோழி மூன்றின் உடம்பையும் அடுக்கடுக்காக உரித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் படங்கள். தொடங்கியபோது வயது 71. மனிதனின் எலும்புக்கூட்டையே புலி மாதிரிக் குனிய வைத்து வரைந்தார். மேலே தோல்தான் வேறு வேறு, உள்ளே எல்லாம் உறவுக்காரர்கள் என்று அந்தப் படங்களைப் பார்த்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும். டார்வின் பிறப்பதற்கு முன்பே! அந்த வேலை முடியும் முன் 1806 ஜூலை 10-ம் தேதி ஸ்டப்ஸ் காலமானார்.

விசில்ஜாக்கெட்டின் கண்ணில் இருப்பது கோபமா, பயமா, திமிரா என்று இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மிருகத்துக்கும் அப்படியொரு மனசு உண்டு என்று நம்பி, அதற்காக ஒன்பதரை அடி கேன்வாஸை ஒதுக்கிய மனிதர் அவர். முதுகில் இருந்த ஆளையும், சுற்றியிருந்த காசையும் கூட்டத்தையும் எடுத்துவிட்டுப் பார்த்தால், அங்கே ஓர் உயிர் நிற்கிறது. 260 வருடமாக அது நம்மைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்தப் படத்தைக் காட்டி, 'இது என்ன நினைக்கிறது, சொல்லு' என்று கேட்டுப் பாருங்கள். வரும் பதில்களை எங்களுக்கும் எழுதுங்கள். அடுத்த வாரம் இன்னொரு படத்தோடு சந்திப்போம்!